நாற்பத்திரண்டாவது பெட்டி

அலாரம் வீறிட்டபோது பிற்பகல் மணி இரண்டரை.

கோதை திடுக்கிட்டதில் கையிலிருந்த தூரிகை நழுவி, துடைத்துக்கொண்டிருந்த பானை ஓட்டின்மேல் விழுந்தது. திருடன் புகுந்தால் அடிக்கிற அலாரம் இல்லை இது. அது ஒரே மூச்சாக ஊளையிடும். இது விட்டு விட்டு வந்தது, ஓடி வந்தவன் மூச்சு வாங்குவது போல. பெட்டி அறையில் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள்.

ஈரமா? உதடு வெடித்து, கம்பளிச் சட்டையைக் கழற்றினால் பொறி பறக்கிற ஒஸ்லோ டிசம்பரில், பாலைவனத்துப் பெட்டிகள் மட்டுமே இருக்கும் அறையில் ஈரம் எங்கிருந்து வரும்?

அவள் எழுந்து நடந்தாள். அருங்காட்சியகத்தின் கிடங்கு அது. நகரத்துக்கு வெளியே, ஜன்னல் இல்லாத நீளக் கட்டடம். நடைவழி விளக்குகளுக்குச் சுவிட்ச் கிடையாது. ஆளின் உடல் சூட்டை உணர்ந்து அவை தாமாக எரியும். ஆள் கடந்ததும் அணையும். அவள் நடக்க நடக்க, தலைக்கு மேலே ஒவ்வொன்றாக எரிந்து அவளைப் பெட்டி அறை வரை கொண்டுவந்து விட்டன.

கதவைத் திறந்ததும் வாசனை அடித்தது. சேற்று வாசனை. வெள்ளம் வடிந்த மறுநாள் ஆற்றங்கரையில் வருமே, அந்த வாசனை.

சூடானின் வடக்கே, நைல் கரையில், மணலுக்குள் ஒரு பழைய நகரம் புதைந்து கிடந்தது. அருங்காட்சியகம் இருபத்தாறு வருடமாக அதைத் தோண்டிக்கொண்டிருந்தது. அக்டோபரில் ஒரு குழு போகும். டிசம்பர் பிறந்ததும் திரும்பிவிடும். பின்னாலேயே விமானத்தில் பெட்டிகள் வரும். ஆராய்ந்து முடித்து எல்லாவற்றையும் சூடானுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆகவே பட்டியலில் ஓர் ஓடுகூடத் தவறக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் மூன்று வருடமாகக் கோதையின் வேலை.

இந்த வருடப் பட்டியலில் நாற்பத்தொரு பெட்டிகள். அவள் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

நாற்பத்திரண்டு.

மற்றவை எல்லாம் சதுரப் பெட்டிகள். மூலையில் சுவரோடு ஒட்டிக் கிடந்த அந்த ஒன்று மட்டும் நீளம். எண் இல்லை. முத்திரை இல்லை. அதன் பலகை இடுக்குகளில் முத்து முத்தாக ஈரம் கோத்திருந்தது.

காவலர் செபஸ்ரியன் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பத்தேழில் அகதியாக வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் சில வருடம் விரல் மரக்க வேலை செய்துவிட்டு, பதினான்கு வருடமாக இந்தக் கிடங்கின் வாசலில் இருக்கிறார். மயிலாடுதுறைக்காரியான கோதையின் தமிழைக் கிண்டல் செய்யாமல் அவருக்குப் பொழுது போகாது.

"எல்லாத்தையும் செக் பண்ணிட்டேன் அண்ணா. ஒண்ணு கூடுதலா இருக்கு."

"செக் பண்ணுறது, சைன் பண்ணுறது, ஓப்பின் பண்ணுறது. பாவம் தமிழ், பிள்ளை, உங்களிட்டை வேலை செய்து களைச்சுப் போச்சுது" என்று சொல்லிக்கொண்டே அவர் மூலையைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

ஒவ்வொரு வருடமும் இப்படி ஒன்று கூடுதலாக வருவது வழக்கம்தான் என்றார். பெட்டிகள் இறங்கும் நாளில் தோண்டும் குழுவின் தலைவர் பேராசிரியர் ஆர்வித் தாமே வந்து நின்று, நீளப் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பின்னறைக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிடுவார். அந்த அறைச் சாவி அவரிடம் மட்டும்தான். இன்று பனி கொட்டி, அவர் ஏறிய ரயில் லில்லெஸ்ட்ரோம் ஸ்டேஷனில் நின்றுபோயிருக்கிறது. அதனால்தான் பெட்டி இங்கேயே கிடக்கிறது.

"பதினாலு வருசமா பாத்துக்கிட்டு இருந்தீங்களா? ஏன் யாருக்கும் சொல்லலை?"

"நான் வாசலிலை நிக்கிறவன், பிள்ளை. பெட்டிக்குள்ளை என்ன எண்டு கேக்கிறது என்ரை வேலை இல்லை." கொஞ்சம் தயங்கினார். "ஒண்டு மட்டும் சொல்லுறன். அங்கை முதல் தரம் போய் வாற ஆக்களைப் பாத்திருக்கிறியளோ? திரும்பி வந்தாப் பிறகு ஒருத்தரும் கோட்டுப் போடுறேல்லை. மைனஸ் பதினைஞ்சிலையும் வெறும் சேட்டோடை வருவினம். உங்கட மனுசனும் அப்பிடித்தானே இப்ப?"

பேராசிரியர் வரும் வரைக்கும் அதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அலாரத்தை நிறுத்த அவர் வாசல் அறைக்குப் போனார். நடைவழி விளக்குகள் அவர் பின்னால் ஒவ்வொன்றாக அணைந்தன.

உங்கட மனுசனும்.

அவள் கணவன் கிரிதர் இந்த வருடம்தான் முதல் முறையாகப் போனான். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று மேலிருந்தே ரேடாரால் படம் எடுப்பது அவன் தொழில். இரண்டு மாதம் இருந்துவிட்டு ஒன்பது நாளுக்கு முன்னால் ஒஸ்லோவின் ஓரத்தில் எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினான். அன்றிலிருந்தே கோதைக்குள் ஒரு முள். என்ன குறை என்று அவளால் சொல்ல முடியவில்லை. அன்பாக இருந்தான், முன்னைவிட அன்பாக. சமைத்ததைக் குறை சொல்லாமல் சாப்பிட்டான். ராத்திரி விழித்துப் பார்த்தால், படுக்கையில் உட்கார்ந்து சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டில்கூட முழுக்கைச் சட்டையைக் கழற்றுவதில்லை. குடிப்பதோ குடம் குடமாகத் தண்ணீர்.

பிறகு அந்தக் கை. கல்லூரி நாளில் திருச்சியில் பைக்கிலிருந்து விழுந்து இடது முன்கை இரண்டாக முறிந்தது. எஃகுத் தகடு வைத்து ஆறு திருகாணிகள் முடுக்கியிருந்தார்கள். குளிர் வந்தால் அந்தத் தகடு ஐஸ் கட்டி மாதிரி எலும்பைக் கடிக்கும். ஒவ்வொரு குளிர்காலமும் கையில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு புலம்புவான். இந்த ஒன்பது நாளில் ஒரு முறைகூட வலிக்கிறது என்று சொல்லவில்லை.

இப்போது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துவது போல இருந்தது. பட்டியலில் இல்லாத பெட்டி. பூட்டிய பின்னறை. திருட்டு. பொன்னோ சிலையோ, ஏதோ ஒன்றை வருடா வருடம் கடத்துகிறார்கள். போய் வருகிறவர்களை எல்லாம் கூட்டுச் சேர்த்துக்கொள்கிறார்கள். கிரிதரையும் சேர்த்துவிட்டார்கள். அவன் கண்ணில் தெரிவது குற்ற உணர்ச்சிதான்.

திருடனாகவே இருக்கட்டும். தெரிந்துவிட்டால் போதும். காலையில் காபி கொடுத்துவிட்டு எதிரே உட்காருகிறவன் யார் என்று தெரியாமல் இன்னொரு நாள் அவளால் ஓட்ட முடியாது.

மேசையிலிருந்து திருப்புளியை எடுத்து வந்தாள்.

மூடியில் எட்டுத் திருகாணிகள். ஒவ்வொன்றும் கிறீச்சென்று முனகிக்கொண்டு வந்தது. கடைசி ஆணி கழன்றதும் மூடி தானாகவே ஓர் அங்குலம் எழும்பி, வெதுவெதுப்பான காற்றை விட்டது. அடைத்த பாத்திரத்தைத் திறந்தால் வருமே, அப்படி. மூடியின் உட்புறம் முழுவதும் வியர்த்திருந்தது.

உள்ளே மணல். அதன்மேல் பேராசிரியரின் குண்டு எழுத்தில் ஒரு சீட்டு. அறை ஏழு. உடைபடாத பழைய தரைக்குக் கீழே, நான்காம் அடுக்கு. ஆண், வயது முப்பது முதல் முப்பத்தைந்து. காலம், கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டு. கீழே தேதி: நவம்பர் 28.

நவம்பர் 28. அது குழி மூடிய நாள்.

அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று காலைதான் கிரிதர் சாட்டிலைட் போனில் பேசினான். பருவம் முடிந்து குழியை மணலால் மூடும்போது ஒரு பழக்கம் உண்டு என்றான். இந்த வருடத்து நாணயம் ஒன்றை அடியில் வைத்துவிட்டு மூட வேண்டும். நாளைக்கு வேறு யாராவது தோண்டினால், இதுவரை வந்துவிட்டோம் என்பதற்கு அது அடையாளம். "2006ன்னு போட்ட ஓட்டைக் குரோனர் காசு ஒண்ணு பேராசிரியர் கொடுத்திருக்கார். புதுசா வந்தவன்தான் இறங்கி வைக்கணுமாம். ராஜமரியாதை!" என்று சிரித்தான். கை குளிரில் விண்விண்ணென்று தெறிக்கிறது, பாலைவனத்தில் விடியற்காலைக் குளிர் இப்படி இருக்கும் என்று தெரியாது என்றும் சொன்னான்.

அவன் கையைப் பற்றிச் சொன்னது அதுதான் கடைசி.

கோதை தூரிகையால் மணலை ஒதுக்கினாள். முதலில் விலா எலும்புகள். தேன் நிறத்தில், உப்புப் பூத்து, தொட்டால் பொரபொரக்கும் பதத்தில். மூன்று வருடப் பழக்கத்தில் விரலுக்கே வயது தெரியும். இரண்டாயிரம் வருடத்துக்குக் குறையாது. பொய்யில்லை. போலியில்லை. பொன்னும் இல்லை, சிலையும் இல்லை. யாரோ ஒரு பழைய மனிதன். அவளுக்கு ஒரு கணம் அழுகை வருகிற அளவுக்கு நிம்மதியாக இருந்தது.

இடது பக்கம் ஒதுக்கினாள். தோள். முழங்கை. முன்கை.

தூரிகை எதிலோ தட்டியது.

டிங்.

அவள் குனிந்தாள். விரலால் மணலைத் தள்ளினாள். எலும்போடு எலும்பாக ஒரு தகடு. எஃகு. துருவே இல்லை. பளபளப்பு. திருகாணிகள். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ண வேண்டாம் என்று நினைத்தாள். எண்ணினாள். ஆறு. ஆறாவது கொஞ்சம் கோணல். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கிரிதர் எக்ஸ்ரேயைக் காட்டி, டாக்டருக்கு அன்றைக்குக் கல்யாண விருந்துக்கு நேரமாகிவிட்டது, அதனால்தான் கடைசி ஆணி கோணல் என்று கேலி செய்வான்.

கோணல்.

விரல் எலும்புகள் மடங்கி, ஒரு பிடியாக இருந்தன. பிடிக்குள் ஒரு நாணயம். நடுவில் ஓட்டை.

சுவரிலிருந்த தொலைபேசி அடித்தது. எடுத்தாள். செபஸ்ரியன்தான் பேசினார்.

"பிள்ளை, உங்கட மனுசன் வந்திருக்கிறார். கூட்டிக்கொண்டு போக வந்தவராம். உள்ளை விட்டிருக்கிறன்."

"அண்ணா..."

"இந்தப் பனியிலையும் கோட்டில்லை. கேட்டால் சிரிக்கிறார்." வைத்துவிட்டார்.

அலாரம் எப்போதோ நின்றிருந்தது. அது நின்றதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவ்வளவு அமைதி. வாசலுக்கும் இந்த அறைக்கும் நடுவே நாற்பது அடி நடைவழி. வேறு வழி கிடையாது.

காலடி கேட்டது. அவசரமில்லாத காலடி. தெரிந்த காலடி. வலது காலைக் கொஞ்சம் அழுத்தி வைக்கிற கிரிதரின் நடை.

விளக்கு எரிந்துவிடும் என்று கோதை நடைவழியைப் பார்த்தாள். எரிந்துவிட்டால் போதும். ஒன்றே ஒன்று. இருட்டு அப்படியே இருந்தது. காலடி முதல் விளக்கைக் கடந்தது. எரியவில்லை. இரண்டாவது. மூன்றாவது. அறைக்கு நேர் வெளியே இருக்கும் கடைசி விளக்கு. இருட்டு.

பிறகு, அறையின் வெளிச்சம் விழுகிற இடத்தில் அவன் வந்து நின்றான். வெறும் சட்டை. தலையிலும் தோளிலும் பனி. கதகதப்பான கட்டடத்துக்குள் நாற்பது அடி நடந்து வந்தும் ஒரு துளி உருகவில்லை. அவன் அவளைப் பார்த்தான். திறந்த பெட்டியைப் பார்த்தான். கோபப்படவில்லை. பிள்ளைக்குச் சட்டை மாட்டிவிடுகிறவனைப் போல நிதானமாக இடது கைச் சட்டையை முழங்கை வரை மடித்து, வெளிச்சத்தில் நீட்டினான். தழும்பு இல்லை. புதுப் பானை போல வழுவழுவென்று ஒரு கை.

"நாணயம் வைக்க இறங்கினது அவன்தான், கோதை" என்றான், கிரிதரின் குரலில், மிக அன்பாக. "ஏறி வந்தது நான்."