பின் சீட்டில் புயல்

"ஹலோ... கயிறு கட்டியிருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

அவன் திடுக்கிட்டுக் கையை எடுத்தான். மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில், அந்தச் சிவப்பு வண்டியின் டேங்கைத் தன்னை மறந்து தடவிக்கொண்டிருந்தான். எதிரே, கையில் ஸ்பேனரும் கன்னத்தில் கிரீஸ் தீற்றலுமாக ஒருத்தி. இங்குள்ள பழைய வண்டிகளை ஓடவைக்கும் மெக்கானிக். கண்களா அவை... மழைக்கு முந்தைய வானம் போல, இடியும் ஈரமும் ஒன்றாக!

"மன்னிச்சுக்குங்க... இதே வண்டிதான் என்கிட்ட இருந்துச்சு. ரேஸ் ஓட்டுவேன். அப்போ என் பேரே புயல்."

"இப்போ?"

"கணக்கு வாத்தியார்."

அவள் களுக்கென்று சிரித்தாள். "புயல் எப்படி சார் கரை கடந்துச்சு?"

"ஒரு வளைவுல விழுந்துட்டேன். கால் முறிஞ்சுது... வண்டியை வித்துட்டேன்."

"கால்தான் சரியாயிடுச்சே! அப்புறம் என்ன, பயமா?"

சுருக்கென்று தைத்தது. விறுவிறுவென்று வெளியேறினான். யார் இவள், என்னைக் கேட்க?

வெளியே மழை கொட்டியது. பஸ் நிறுத்தத்தில் அவன் ஒதுங்கி நின்றபோது, தடதடவென்று ஒரு வண்டி வந்து நின்றது. அவள்!

"அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்... ஏறுங்க, வீட்ல விட்டுடறேன்."

"பின்னாடி உக்காந்து எனக்குப் பழக்கமில்ல."

"சரி, அப்போ நானும் இங்கயே நனையறேன்."

எஞ்சினை அணைத்துவிட்டாள். இமைகளில் துளிகள் கோத்து நின்றன... அவன் வீம்பு கரைந்தது. ஏறினான். முதல் வளைவில் வண்டி சாய்ந்தபோது அவள் தோளை இறுகப் பற்றிக்கொண்டான். அவளுக்குப் புரிந்துவிட்டது. வேகத்தைக் குறைத்தாள்.

வாசலில் இறங்கியதும் அவனே சொன்னான்.

"பயம்தாங்க. அம்மாகிட்டகூடச் சொன்னதில்ல... கால் வலின்னே சொல்லிச் சமாளிச்சுட்டிருக்கேன்."

"இனிமே என்கிட்ட சொல்லுங்க," என்றாள் மெல்ல.

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் அருங்காட்சியகம் போனான். "பழைய இரும்புல அப்படி என்னடா இருக்கு?" என்று அக்கா கேலி செய்தாள். சிவப்பு வண்டியின் முன்னால் நிற்பான். அவள் வந்து பேச்சுக் கொடுப்பாள்.

ஒரு ஞாயிறு, வழக்கமான இடத்தில் நெடுநேரம் நின்றான்... கண்கள் அவள் வேலை செய்யும் பட்டறையின் கதவையே பார்த்தபடி.

"என்ன பாக்கறீங்க?" பின்னாலிருந்து அவள் குரல்.

"வண்டியைத்தான்..."

"எந்த வண்டியை?"

அப்போதுதான் கவனித்தான். சிவப்பு வண்டி நிற்கும் மேடை காலியாக இருந்தது! காது மடல்கள் சிவந்தன.

"வண்டிக்காக வரலைங்க... முதல் நாளைக்கு அப்புறம் வண்டிக்காக வந்ததே இல்ல. உங்களைப் பாக்கத்தான்... உங்களை எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு."

அவள் தலைகுனிந்து, கைத்துணியை முறுக்கினாள்.

"காலையில வண்டியை உள்ள தள்ளி வச்சதே நான்தான்... நீங்க எதுக்கு வர்றீங்கன்னு தெரியாமலேயே ஞாயித்துக்கிழமைன்னா மணிக்கணக்கா கண்ணாடி முன்னாடி நிக்கறேனே... அதுக்கு ஒரு முடிவு வேணாமா?"