பள்ளிகொண்டாவில் நின்ற வேன்

பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டியதும் வேன் இரண்டு முறை குலுங்கியது… அப்புறம் நின்றேவிட்டது.

வெளியே மழை. உள்ளே, கார் சீட்டுக்காக வெட்டிய பழுப்புத் தோல், நாற்பது கட்டு. ஆம்பூர் தோல் கம்பெனியில் டிஸ்பேட்ச் பார்க்கும் தேவிகா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று. இரண்டு மணிக்குள் சரக்கு ஸ்ரீபெரும்புதூர் போகாவிட்டால் அங்கே சீட் தைக்கிற லைன் நின்றுவிடும். நின்றால், அடுத்த மாடலுக்கு ஆர்டர் கிடைக்காது.

எதிர்ப்பக்கம் போன கார் ஒன்று திரும்பி வந்து நின்றது. குடையோடு ஒருவன் இறங்கினான். மழையில் நனைந்த இமைகளுக்குக் கீழே சிரிக்கிற கண்கள்…

"இன்னா ஆச்சுங்க?" மழை இரைச்சலில் குரல் பாதிதான் கேட்டது.

"கிளட்ச் போய்ட்டுது. மாத்து வண்டி வர ரெண்டு மணி நேரம் ஆவும்."

"பன்னண்டு கட்டு என் கார்ல ஏத்தலாம். சாயங்காலம் வரைக்கும் லைன் ஓடும்."

அவன் கட்டுகளைச் சுமக்க, அவள் குடை பிடித்தாள். பதற்றத்தில் வாய் நிற்கவில்லை.

"சீட் தைக்கிற கம்பெனில கௌதம்னு ஒருத்தர், பேஜார் புடிச்ச ஆளு. ஆறு மாசமா போன்லயே உயிர எடுக்கிறார். நேர்ல பாத்தா நாலு கேள்வி கேக்கணும்…"

"கேளுங்க."

"யார?"

"நான்தாங்க கௌதம். போன்ல நீங்க கிடைக்கல. சரக்கு வர்ற வழிக்கே கிளம்பி வந்துட்டேன்."

குடை சாய்ந்தது. இருவருமே நனைந்தார்கள்.

வேன் டிரைவரை மீதிக் கட்டுகளோடு விட்டுவிட்டு அவள் காரில் ஏறினாள். வேலூர் தாண்டியதும் கேட்டுவிட்டாள்.

"கருப்புத் தோல் வேணும்னு சொல்லிட்டு, ரெண்டு நாள் முன்னாடி பழுப்புன்னு மாத்துனது யாரு?"

"…நாங்கதான்."

"ரிப்போர்ட்ல 'ஆம்பூர் லேட்'னு எழுதினது?"

அவன் சாலையையே பார்த்தான். "நான்தான். மேலதிகாரி கேக்கறப்போ ஒரு பேர் சொல்லணும்…"

"அதுக்கு எங்க பேரு."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒன்றே முக்காலுக்குச் சேர்ந்தார்கள். லைன் நிற்கவில்லை. டீ குடிச்சிட்டுப் போங்க என்றவனிடம், "அதுக்கும் லேட்னு எழுதிடுவீங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

மறுவாரம் போனில் வேறு குரல். அதற்கடுத்த வாரமும் அதே குரல்தான். மேனேஜர் தன்சீல் அகமதுவிடம் தயங்கித் தயங்கி விசாரித்தாள்.

"உனக்குத் தெரியாதாம்மா? மீட்டிங்ல அந்தத் தம்பி எழுந்து, 'தப்பு ஆம்பூர் மேல இல்ல, கடைசி நேரத்துல கலர மாத்துனது நாங்க, நான் எழுதினதுதான் தப்பு'ன்னு சொல்லிட்டாராம். அடுத்த மாடல் ஆர்டர் நமக்குத்தான். அவர ஸ்டோருக்கு மாத்திட்டாங்க."

ஆர்டர்தான் கிடைத்துவிட்டதே… அப்புறம் என்ன? போன் அடிக்கும்போதெல்லாம் ஏன் கை முந்துகிறது? நாமே கூப்பிட்டால் என்ன? சீ… நான் ஏன் முதலில் கூப்பிடணும்?

மூன்று நாள் தாங்கியது அந்த வீம்பு. நான்காம் நாள், சரக்கு லாரியில் டிரைவர் பக்கத்தில் அவளே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்டோர் வாசலில் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த கௌதம் நிமிர்ந்தான். எண்ணிக்கை தப்பிப்போயிற்று.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"சரக்கு சரியா இறங்குதான்னு பாக்க." அவள் லாரிச் சக்கரத்தைப் பார்த்தபடி கேட்டாள். "ஏன் போன் பண்றதில்ல?"

"இப்போ தோல் கேக்கறது என் வேல இல்லயே."

"தோல் கேக்கத்தான் பண்ணணுமா?"

அவன் பேனாவை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. உங்க வண்டி எங்க வருதுன்னு எங்க கம்ப்யூட்டர்லயே தெரியும். அதப் பாத்துக்கிட்டேதான், 'வண்டி கிளம்பிட்டுதா'ன்னு உங்கள தெனம் கேட்டேன். நீங்க திட்டுற குரல் கேக்காம சாப்பாடு இறங்கல… எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு தேவிகா."

அவள் முகம் சிவந்தது. சிரிப்பை உதட்டுக்குள் மடித்தாள்.

"ஞாயித்துக்கிழமை குடியாத்தம் வாங்க. எங்க வீட்டுல ஆறு பவர்லூம் ஓடும். கொஞ்சம் சத்தமா சொல்லணும்."

"இன்னா சொல்லணும்?"

"இப்ப சொன்னதத்தான்… எங்கப்பாகிட்ட."