திறக்க முடியாத போன்

சித்தூர் பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்க ஓடிய தேவயானி, எதிரே வந்தவன் மீது மோதிவிட்டாள். அவள் கையிலிருந்த போன் தண்ணீரில் விழுந்தது.

அவன்தான் எடுத்தான். சட்டையில் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதை எங்க தொறக்கறதுங்க?"

"தொறக்க முடியாது."

அவளே வடிவமைத்த போன் அது. பேசலாம், செய்தி அனுப்பலாம், அவ்வளவுதான். ஒருமுறை சார்ஜ் போட்டால் பத்து நாள் வரும். சும்மா சும்மா ஒலித்து யாரையும் இழுக்காது. திருப்பதியில் ஒரு சின்னக் கம்பெனியில் இரண்டு வருட உழைப்பு... பெருமையாகச் சொன்னாள். பேட்டரி மூன்று வருடம் தாங்கும் என்றாள்.

"அப்புறம் தூக்கிப் போட்டுடணுமா?"

குரலில் கேலி இல்லை. மழைத்துளி தங்கிய இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள் நிஜமாகவே வருத்தப்பட்டன... அதுதான் அவளைச் சுட்டது. தன் ஊர் நகரி, இங்கே மாங்கூழ் ஃபேக்டரியில் மெக்கானிக், ரெண்டு ஸ்க்ரூ வைத்தால் திறந்து பேட்டரி மாற்றலாம், பத்து வருஷம் ஓடுமே என்றான். மெஷின் வேறு, போன் வேறு என்று வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

பஸ் சந்திரகிரி வருவதற்குள் அவன் சொன்னதே சரி என்று புரிந்துவிட்டது. திரும்பிப் போகலாமா... ரோஷம் விடவில்லை.

ஸ்க்ரூ வைத்துத் திறக்கும்படி போனை மாற்றலாம் என்றதும், முதலாளி செங்கல்வராயன் தாமதமாகும் என்று மறுத்தார். மல்லுக்கட்டிச் சம்மதிக்க வைத்தாள். வேலை நடந்த மூன்று மாதமும், வரைபடத்தின் கோடுகளுக்கு நடுவே அந்தக் கண்கள்... பஸ்ஸில் போகும்போதும் அந்தக் கண்கள்.

புது போனோடு சித்தூர் வந்தாள். ஃபேக்டரி ஃபேக்டரியாக நகரிக்கார மெக்கானிக்கை விசாரித்தாள். மூன்றாவது வாசலில், "கோவர்த்தனனா?" என்று கேட்டு உள்ளே ஆள் அனுப்பினார்கள்.

கையைத் துடைத்தபடி வந்தவன், அவளைக் கண்டதும் அப்படியே நின்றான்.

நீங்கள் சொன்னதுதான் சரி என்று போனை நீட்டினாள். அதோடு திரும்பியிருக்கலாம். முடியவில்லை.

"யாரும் அடிக்கடி பாக்கத் தேவையில்லாத போன் பண்றவ நான்," என்றாள், தலைகுனிந்து. "மூணு மாசமா என் போனையே பாத்துக்கினு இருந்தேன்... உங்ககிட்ட என் நம்பரே இல்லன்னு தெரிஞ்சும்."

அவன் போனைப் பார்க்கவேயில்லை.

"நாலு ஞாயித்துக்கிழமை திருப்பதிக்கு வந்தேங்க. பஸ் ஸ்டாண்டுலயே நின்னுக்கினு இருந்துட்டுத் திரும்பிட்டேன். பேருகூடத் தெரியல... என்னன்னு சொல்லித் தேடறது?"

அவள் நிமிர்ந்து அந்தக் கண்களைப் பார்த்தாள்.

"தேவயானி."