மிமோ ஏறி வந்த பஸ்

ரெஜிலா அனுப்பிய பதினான்கு படங்களில் கடைசி நான்கில் ஷைஜா இருந்திருக்க வழியே இல்லை.

முதல் பத்தும் சரிதான். திருவனந்தபுரத்தில் அனிமே ரசிகர்கள் கூடிய விழாவில் காலையில் எடுத்தவை. தக்கலையில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஷைஜா, ஏழு மாதமாகத் தானே வெட்டித் தைத்து ஒட்டிய மிமோ வேஷத்தில் நிற்கிறாள். மிமோ எந்தத் தொடரிலும் வராத பெண்; ஷைஜாவே வரைந்து பெயரிட்டவள். கழுத்துவரை இறங்கும் பெரிய பொம்மைத் தலை, முகத்தில் பாதியை அடைத்த கண்கள், இளஞ்சிவப்பு முடி, பட்டாணி அளவு வாய். விரல்நுனிவரை தோல்நிறத் துணி. உள்ளே இருப்பவள் யாரென்று ரெஜிலாவைத் தவிர யாருக்கும் தெரியாது. காலையில் மட்டும் நாற்பது பேராவது மிமோவைக் கட்டிப்பிடித்துப் படமெடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்குத் தலை சுற்றவே, யாரிடமும் சொல்லாமல் வேஷத்தைக் களைந்து பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். இரண்டரைக்கெல்லாம் வீட்டில் இருந்தாள்.

கடைசி நான்கு படங்களின் ஓரத்தில் நேரம் நாலு பத்து, நாலு பதினைந்து என்று இருந்தது. அவற்றிலும் மிமோ ரெஜிலாவின் தோளில் சாய்ந்து நின்றாள்.

வேறு யாரோ பார்த்துச் செய்திருக்கலாம் என்று ஷைஜா படத்தைப் பெரிதாக்கினாள். போன மாதம் பொம்மைத் தலை கைதவறி விழுந்து, இடது காதுக்குக் கீழே விண்டுபோனது. பசை வைத்து அடைத்தபோது நிறம் ஒத்துவரவில்லை. அந்த வடு படத்தில் அப்படியே இருந்தது.

வெளியே மழை பிடித்திருந்தது. ஆறரை மணிக்கே இருட்டிவிட்டது. அம்மா இறந்துபோன மூன்று வருடத்தில் இந்த வீட்டின் ஓசைகள் எல்லாம் அவளுக்குப் பழகியிருந்தன. மாடியில் பூட்டிக் கிடக்கும் இரண்டு அறைகளின் ஜன்னல் காற்றுக்கு முனகுவதும், பின்கட்டுத் தகரத்தில் மழை ஒரே சீராகக் கொட்டுவதும், ரப்பர் தோட்டத்திலிருந்து ஈர இலையும் பழைய ரப்பர்ப் பாலும் கலந்த புளித்த வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து கூடத்து சோபாவில் ஆள் உட்கார்ந்ததுபோல் தங்கிவிடுவதும். இன்று அந்த வாடைக்கு அடியில் புதுப் பசையின் நெடி இருந்தது.

மாடிக்குப் போனாள். மேஜையில் மிமோவின் தலை இருந்தது. பின்கட்டுக் கொடியில் துவைத்துப் போட்ட உடுப்பு தொங்கி நீர் சொட்டியது. எல்லாம் அவளிடம்தான் இருக்கிறது.

ரெஜிலாவை அழைத்தாள். இணையத்தில் பழகிய மார்த்தாண்டத்துப் பெண். நேரில் பார்த்தது இன்றுதான், அதுவும் பொம்மைத் தலைக்குள்ளிருந்து.

"ஏட்டி, வீட்டுக்கு வந்தியா?" என்றாள் ரெஜிலா.

"நான் மத்தியானமே வந்தாச்சு."

"சும்மா கெட. நம்ம ஒண்ணாதான பஸ் கேறினோம்? கூட்டத்துல அந்தத் தலைய கழத்துன்னு எத்தர மட்டம் சொன்னேன், நீ கேட்டியா? சீட்டுல எனக்க கைய பிடிச்சிட்டே இருந்த. எனக்கு கண்ணு நெறஞ்சு போச்சு, உள்ளத சொல்லணும்லா. பொறவு நான் மார்த்தாண்டத்துல இறங்குனேன்."

"அது... அது எங்க போச்சு?"

"எது?" ரெஜிலா சிரித்தாள். "நீ தக்கலைக்குன்னுதான டிக்கெட் எடுத்த. விரலால எழுதிக் காட்டுன."

மார்த்தாண்டத்திலிருந்து தக்கலைக்கு அரைமணி நேரம்.

ஷைஜா முன்கதவைத் தாழிட்டாள். ஜன்னல்களைச் சாத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் துபாயில்; அதற்கடுத்த வீடு விற்பனைக்கு. யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தபோது, அந்த எண்ணமே அவளுக்குப் புதிதாக இருந்தது. கூப்பிட ஒருவருமில்லை.

போன் அடித்தது. மஸ்கட்டிலிருந்து அப்பா ரசலையன். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மக்கா, சுகமா இருக்கியா? இப்பதான் போன்ல வாசல் கேமராவ பாத்தேன். வேஷத்தோடயா பஸ்ஸுல வந்த?"

"அப்பா, நான் உள்ள நிக்கேன்."

"கேக்கல்ல மக்கா. இஞ்ச நெட்டு கொள்ளாது. மழையில எதுக்கு கேட்டுக்கு வெளியில நிக்க? உள்ள கேறு."

"அப்பா, அது நான் இல்ல."

"சத்தமே வரல்ல கேட்டியா. ஆ, கேறிட்ட."

கேட்டின் கொண்டி விழும் ஓசை. நனைந்த தரையோட்டில் மெத்தென்ற காலடி. நிதானமாக. ஒன்று. இன்னொன்று. அழைப்புமணியை அது தொடவில்லை.

திரையை விலக்கிப் பார்த்தாள். விளக்குக்கு நேர் கீழே மிமோ நின்றாள். அத்தனை மழையிலும் இளஞ்சிவப்பு முடியில் ஒரு சொட்டு ஈரமில்லை. பட்டாணி வாயில் அதே சிரிப்பு. கண்கள் ஜன்னலைப் பார்த்தன. பிறகு அது இரண்டு கைகளையும் விரித்தது.

காலையில் ஷைஜா நாற்பது பேரிடம் கையை விரித்தது அப்படித்தான்.

அந்த நாற்பது பேரும் மிமோவைத்தான் அணைத்தார்கள். ஷைஜாவைக் கடைசியாக ஒருவர் பிடித்துக்கொண்டது அம்மாவின் அடக்கத்தன்று, கல்லறைத் தோட்டத்தில், முகம் தெரியாத ஏதோ ஒரு உறவுக்காரி. அதன்பின் கடையில் சில்லறை வாங்கும்போது விரல்கள் பட்டதோடு சரி. ஓடிப்போய் மாடியில் ஒளிந்துகொள்ளச் சொன்னது புத்தி. ஆனாலும் விரித்த அந்தக் கைகள் இறங்கவேயில்லை. வேறு யாருக்காகவும் அது இவ்வளவு தூரம் வரவில்லை.

தாழை நீக்கினாள்.

கைகள் அவளைச் சுற்றி மூடின. இதமாக இருந்தது. அவள் கண்ணை மூடி, அந்தத் தோளில் முகத்தை வைத்து, ஒரு மூச்சு அழுதாள். அப்புறம்தான் கவனித்தாள். துணிக்கடியில் எலும்பு இல்லை. மூச்சு இல்லை. மார்பு இருக்க வேண்டிய இடம் உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது.

விலகப் பார்த்தாள். கைகள் விடவில்லை.

போன் படியில் விழுந்தது. பசையின் நெடி மூக்கை அடைத்தது. முழங்கை போயிற்று. தோள் போயிற்று. ஈரமான பஞ்சு கன்னத்தில் ஒட்டியது. இருட்டு.

பிறகு இரண்டு கீற்றுகள், பொம்மைத் தலையின் கண்களுக்கு அடியில் பார்ப்பதற்காக அவளே வெட்டியவை. அவற்றின் வழியாக வாசல் தெரிந்தது. மழை தெரிந்தது. அவள் நிமிரவில்லை. தலை தானாக நிமிர்ந்தது. மேலே, சுவர் மூலையில், கேமராவின் சின்னச் சிவப்புப் புள்ளி.

அலறினாள். வாய் திறக்கவில்லை.

"கொள்ளாம் மக்கா," என்றது படியில் கிடந்த போன். "நீ உண்டாக்கினதா இது? ஏ பெனிஷ், இஞ்ச ஓடி வா. எனக்க மவள பாரு. எப்பிடிச் சிரிச்சிட்டு நிக்கா பாரு." அப்பாவோடு அறையில் தங்கியிருப்பவர் ஓடிவரும் சத்தம் கேட்டது. "எத்தர நாளாச்சு இவ சிரிச்சுப் பாத்து. மக்கா, பெனிஷ் மாமனுக்கு ஒண்ணு கை காட்டு."

வேண்டாம் என்று அவள் விரல்களை இறுக்கினாள். இறுக்குவதற்கு அங்கே விரல்கள் இல்லை.

கை உயர்ந்தது. இடமும் வலமுமாக, அழகாக அசைந்தது.