பூஜ்யத் தூரம்

வெள்ளவத்தைக் கிளையை மூடி இரண்டு மாதமாகியும் கணினித் தரவுக்கு வழிகாட்டும் ரவுட்டரின் பாதைப் பட்டியலில் அந்தக் கிளை இருந்தது.

அழிக்க மறந்த பழைய வரி என்றால், வலையமைப்பைக் கவனிக்கும் டிலக்ஷி அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டாள். பக்கத்திலிருந்த தூர எண்தான் பிழை. பூஜ்யம்.

ஒரே இடத்துக்கு இரண்டு வழி வந்து சேர்ந்தால், ரவுட்டர் முதலில் யார் சொன்னது என்று பார்க்கும். அயல் ரவுட்டர்கள் தமக்குள் பேசிச் சொல்லும் வழிக்கு நூற்றுப்பத்து. மனிதர் கையால் எழுதி வைத்ததற்கு ஒன்று. எண் குறையக் குறைய நம்பிக்கை கூடும். பூஜ்யம் தன்னோடு ஒட்டியிருப்பதற்கு மட்டும். அதை அது கேள்வியே கேட்பதில்லை.

எட்டுக் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த அறை, இந்த அறையோடு ஒட்டியிருந்தது.

கொட்டாஞ்சேனை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் அவளைத் தவிர யாருமில்லை. போயா பௌர்ணமியோடு சேர்த்து மூன்று நாள் விடுமுறை. குளிரூட்டி இரைந்துகொண்டிருந்தது. சூடேறிய பிளாஸ்டிக் மணத்தினூடே, வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையின் புழுக்க மணமும் கடலின் உப்பும் எங்கிருந்தோ கசிந்து வந்தன. காலையில் ஓட்டுநர் ரிம்ஸான் நானா கீழே கம்பிக் கதவைப் பூட்டித் திறப்பைக் கொண்டு போயிருந்தார்.

"தனிய ஈக்கிறீங்க மிஸ். வெள்ளவத்தயில மிச்சச் சாமான ஏத்திட்டு அஞ்சு மணிக்கு வந்து தொறக்கிறன். சாப்பாடு கொண்டந்தீங்களா?"

இந்த அலுவலகத்தில் அவளிடம் அப்படிக் கேட்கும் ஒரே ஆள் அவர். வாடகை அறையிலும் அவளைத் தேட யாருமில்லை.

அவள் தன் கையால் எழுதினாள்: வெள்ளவத்தைக்குப் போவது எதுவானாலும் எறிந்துவிடு. பட்டியல் அதை ஏற்கவில்லை. ஒன்று, பூஜ்யத்திடம் தோற்றது.

அவள் நானாவை அழைத்தாள்.

"நானா, அங்க ஏதும் மெஷின் ஓடுதா?"

"என்ன மெஷின். சுவரும் ஒரு மேசையும்தான் ஈக்கிது." அவர் குரலைத் தாழ்த்தினார். "உள் ரூமுலதான் ஆரோ டைப் பண்ற சத்தம் கேக்குது."

டிலக்ஷியின் விரல்கள் விசைப்பலகையில் இருந்தன. எடுத்தாள்.

"இப்ப?"

"இப்பயும் கேக்குது மிஸ். ரூமு பூட்டித்தானே ஈந்திச்சு. பொறுங்க, தொறந்து பாக்கிறன்."

"வேணாம் நானா. வெளியில வாங்கோ."

திறப்புக் கொத்து குலுங்கியது. கதவு கிறீச்சிட்டது. கொட்டாஞ்சேனையில் அவள் கழுத்தில் உப்புக் காற்று பட்டது.

"அட, மிஸ்ஸா!" நானாவின் குரல் தொலைபேசியை விட்டு விலகிச் சிரித்தது. "எப்ப வந்தீங்க? பயந்துட்டன்."

"நானா, நான் இங்க. கொட்டாஞ்சேனையில. நீங்கதானே பூட்டினீங்க."

பிறகு அங்கே ஒரு பெண் கேட்டாள். கூச்சமான குரல். அவளைப் போலவே சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கும் குரல்.

"ஆர் நானா லைன்ல?"

"தெரியா மிஸ். ஆரோ உங்கட குரல்ல கதைக்கிறாங்க."

"நான்தான் டிலக்ஷி. அஞ்சு மணிக்கு வந்து தொறக்கோணும், நானா. கெஞ்சிக் கேக்கிறன்."

"மிஸ் என்ட முன்னுக்கே நிக்கிறாங்க," என்றார் அவர், கதவுக்கு வெளியே நிற்கும் அந்நியரிடம் பேசுவது போல. "இனி எடுக்க வேணாம்." பிறகு, தள்ளி, கனிவாக: "சாப்ட்டீங்களா மிஸ்? வாங்க, வீட்ட எறக்கி விடுறன்."

தொடர்பு அறுந்தது.

மீண்டும் அழைத்தாள். மணி போகவில்லை. யன்னலின் தடித்த கண்ணாடியில் கையால் அறைந்தாள். கீழே வெசாக் விளக்குக் கூடு கட்டிக்கொண்டிருந்த யாரும் நிமிரவில்லை.

திரை புதுப்பித்துக்கொண்டது. வெள்ளவத்தை, பூஜ்யம். அதற்குக் கீழே கொட்டாஞ்சேனை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

அவள் உட்கார்ந்தாள். கொட்டாஞ்சேனையின் வரியைக் கையால் எழுதத் தொடங்கினாள்.

விசைகள் அமிழ்ந்தன. எழுந்தன. அமிழ்ந்தன.

சத்தம் இங்கே வரவில்லை.