அப்பம் நான் வாரேன்

ஹெட்போனுக்குள் “பைய மூச்சு விடு” என்று குரல் வந்ததும் கெசியாவுக்கு மனதில் ஏதோ இடறியது. ஸ்கேன் எடுக்கிற பெண் கோயம்புத்தூர்க்காரி. தலையைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூட்டை மாட்டி, படுக்கையோடு குழாய்க்குள் அனுப்பும்வரை “மெதுவாங்க அக்கா, மெதுவாங்க” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பாளையங்கோட்டைக்கு வந்து நாலு நாள் ஆனால் யாருக்குத்தான் நாக்கு இந்த ஊர்ப் பேச்சுக்குத் திரும்பாது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, கெசியா பைய மூச்சை விட்டாள்.

மூக்குக்குச் சற்று மேலே வெள்ளைக் கூரை. தோள் இரண்டும் சுவரில் உரசின. அந்தக் கூரையில், கண்ணுக்கு நேரே சாய்த்து வைத்த சின்னக் கண்ணாடியில் அவளுடைய காலும், அதற்கு அப்பால் ஒரு கணினித் திரையும், திரைக்குப் பின்னால் அடுத்த அறையின் சன்னலும் தெரிந்தன. சன்னலுக்கு அந்தப் பக்கம் கோயம்புத்தூர்ப் பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கெசியாவின் கணவன் ஜோஷுவா, மடியில் மகள் டார்லினோடு. கோர்ட்டில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். பிள்ளையின் தலையில் அவன் போட்ட சடை, கோணல்மாணலாக ஒரு பக்கம் தொங்கியது.

அந்தச் சடையைப் பார்த்தால்தான் கெசியாவுக்குத் தன் நிலை உறைக்கும். பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த சமயத்தில் தொடங்கிய நோய். காலையில் விழிப்பு வரும், எழுந்திருக்க வராது. பள்ளிக்கூடத்தில் ஐம்பது பிள்ளைகளை மேய்த்த டீச்சருக்குத் தன் ஒற்றைப் பிள்ளைக்குத் தலைவாரிவிட முடியவில்லை. சபையில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். உபவாசம் இரு என்றார்கள், ஊர் மாறிப் பார் என்றார்கள், ஒருத்தி முருங்கைக்கீரைகூடச் சொன்னாள். டாக்டர் மந்திரமூர்த்தி ஒருவர்தான் நேராகப் பேசினார்.

“மாத்திரைய மாத்தி மாத்திப் பாத்தாச்சும்மா. மூளை எப்படி வேலை செய்யுதுன்னு படம் பிடிச்சா, ஒங்களுக்கு எந்த வைத்தியம் சேரும்னு ஒரு துப்பு கெடைக்கலாம். உள்ள படுத்துக்கிட்டே நல்ல ஞாபகமா ஒண்ண நெனைங்க, திரையில கோடு ஏறும். ஏத்திப் பழகுனா மனசும் தெளியுதான்னு பாப்போம். இது இன்னும் ஆராய்ச்சியில உள்ளதுதான், பொய் சொல்லமாட்டேன்.”

ஒரு நாள் காலையில் எழுந்து டார்லினுக்குச் சடை போட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

இயந்திரம் டக்டக்கென்று தட்டி, நின்று, நீளமாக இரைந்து, மறுபடி தட்டத் தொடங்க, அந்தச் சத்தம் காது வழியாக இல்லாமல் பல் வழியாகவே உள்ளே இறங்கியது. ஏசிக் குளிரில் வந்த டெட்டால் நெடிக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது, வீட்டில் அவள் எழும்பாமல் கிடக்கிற மெத்தையின், துவைக்காத தலையணை உறையின் வாசனை. அது இங்கே எப்படி வந்தது என்று யோசிப்பதற்குள் குரல் மறுபடி வந்தது.

“ஆடாத. இங்கனயே கெட.”

இந்தக் குரல் கெசியாவுக்குத் தெரியும். தினமும் விடிந்ததும் தலையணைக்குள்ளிருந்து பேசுவது இதுதான். அதைத் தன் நினைப்பு என்றே இதுவரை எண்ணியிருந்தாள். நினைப்பு ஹெட்போனில் கேட்குமா?

“இப்பம் நீங்க ஏதும் சொன்னீயளா?” என்றாள் சத்தமாக.

“இல்லீங்க அக்கா. நான் பேசவே இல்லீங்க. மிஷின் சத்தமா இருக்குமுங்க. பயமா இருந்தா கையில குடுத்தேன்ல, அந்த ரப்பர் பந்த அமுக்குங்க, உடனே வெளிய எடுத்துருவேன்.”

பந்து உள்ளங்கையில் வியர்த்துக் கிடந்தது. அமுக்கினால் எல்லாம் நின்றுவிடும். மறுபடி மெத்தை, மறுபடி தலையணை. பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்காமல் இருந்தாள். தாமிரபரணியில் டார்லினை முதன்முதலாக இறக்கிவிட்ட நாளை நினைத்தாள். மீன்குஞ்சு காலைக் கடித்ததற்குப் பிள்ளை போட்ட கூச்சல், அதைக் கேட்டுப் படித்துறையில் துணி துவைத்தவர்கள்கூடச் சிரித்தது. திரையில் சிவப்புக் கோடு அசைந்தது. ஏறியது.

“சூப்பருங்க அக்கா! ஏறுதுங்க!”

கெசியாவுக்கு அழுகை வந்தது, சந்தோஷ அழுகை. கோடு இன்னும் ஏறியது. அப்போது காதோரம், மிகவும் மரியாதையாக, குரல் சொன்னது:

“அப்பம் நான் வாரேன்.”

கிளம்புகிறது! இத்தனை மாதம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது கிளம்புகிறது. விருந்தாளி எழுந்ததும் வாசலில் நின்று விடைகொடுக்கிற வழக்கத்தில் (நம் ஊரில் யார்தான் யோசித்துப் பதில் சொல்கிறார்கள்?) அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“சரி, வா.”

‘போயிட்டு’ என்று அவள் சேர்க்கவில்லை.

சத்தம் நின்றது. அது போவதற்காகச் சொன்ன ‘வாரேன்’ இல்லை என்று கெசியாவுக்கு அந்த அமைதியில் புரிந்தது. பந்தை அமுக்கினாள்.

பந்து இல்லை.

கை இல்லை.

கண்ணாடியில் அவளுடைய கால்கள் நகர்ந்தன. வெளியே. முழங்கால். இடுப்பு. நீல கவுன். படுக்கை முழுவதும் வெளியே போனது. வெள்ளைக் கூரை மட்டும் அசையவில்லை. அவள் அதன் கீழேயே இருந்தாள். கத்தினாள். கத்த வாய் எங்கே?

வெளியே, படுக்கையில், கெசியா எழுந்து உட்கார்ந்தாள்.

“எப்படி இருக்கு, கெசி?” ஜோஷுவா ஓடிவந்தான்.

“நல்லாருக்கு. ரொம்ப நாள் கழிச்சு எந்திரிச்சிருக்கேன்.”

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். என்னைப் பார், ஜோஷுவா. இங்கே. இங்கே பார். அவன் பார்க்கவில்லை. அணைத்தபடி அடுத்த அறைக்குக் கூட்டிப்போனான்.

சன்னலுக்கு அந்தப் பக்கம் அது நாற்காலியில் உட்கார்ந்து டார்லினை இழுத்து மடியில் வைத்தது. கோணல் சடையை அவிழ்த்தது. பின்னத் தொடங்கியது. விரல்கள் வேகமாக ஓடின. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை சிரிப்பை நிறுத்தினாள். நெளிந்தாள். திரும்பி அதன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு குழாயைப் பார்த்தாள். நேராக. கண்ணாடிக்குள்.

“அம்மா உள்ள இருக்கா” என்றாள் டார்லின்.

ஜோஷுவா சிரித்தான். “அம்மா இந்தா இருக்காளே, லூசு.”

அது பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டது. டார்லின் இரண்டு கையையும் குழாயை நோக்கி நீட்டி வீறிட்டாள்.

“மிஷினுக்கு டாட்டா காட்டுதா பாருங்க” என்று ஜோஷுவா கோயம்புத்தூர்ப் பெண்ணிடம் சொன்னான். அவளும் சிரித்துக்கொண்டே விளக்குகளை அணைத்தாள். வாசல் விளக்கு மட்டும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில், கதவு நிலையை இறுகப் பற்றியிருந்த சின்ன விரல்களை, அவசரமே இல்லாமல், முத்தமிட்டு முத்தமிட்டு, அது ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தது.