ராணியாரின் மனைவி

"கண்ணு ஓரத்துல மை ஒட்டிக்கிட்டிருக்கே... எதுக்காம்?"

காலை நேரம். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. ஓரகத்தி கேட்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உப்புப் போட்ட வெந்நீரை எடுத்துக்கொண்டு கணவரின் அறைக்குப் போனாள்.

ஊர் அவரை ராணியார் என்றுதான் அழைக்கும். அண்ணன் நடத்தும் நாடகக் குழுவில் இருபது வருடமாக ராணி வேஷம் கட்டியவர். அவர் புடவை கட்டி மேடையேறினால், பார்க்கவந்த பெண்களே தங்கள் கொசுவத்தைச் சரிசெய்துகொள்வார்கள். அப்பேர்ப்பட்டவரின் தொண்டை இப்போது புண்ணாகிவிட்டது. குரல் எழுப்பினால் நிரந்தரமாகப் போய்விடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

வாய் கொப்பளித்துவிட்டுக் காற்றுக் குரலில் கேட்டார். "நேத்து சாயங்காலமும் எங்க போன?"

"திரைச்சீலை தைக்கத்தாங்க..."

"நாடகமே நின்னு போச்சு. யாருக்குத் திரை?"

பின்னாலேயே வந்த ஓரகத்தி நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். "அதைத்தான் தம்பி நானும் கேக்கறேன். புருஷன் படுத்துக் கிடக்கறான், இவ பொழுது சாஞ்சா பாலத்தைத் தாண்டிப் போறா. வரும்போது மூஞ்சி மினுங்குது. நாளைக்கு நாலு பேர் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசினா யாருக்குக் கேவலம்?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கை நீட்டி அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நின்றுவிட்டதாக அவருடைய அண்ணன் வீட்டில் சொல்லிவைத்திருந்தாரே தவிர, உண்மையில் நாடகம் நிற்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அரங்கத்தில் தினமும் நடந்துகொண்டுதான் இருந்தது. ராணியாருக்குத் தொண்டை போனதும், சேனாதிபதி வேஷக்காரனுக்குப் புடவை கட்டிப் பார்த்தார்கள். ராணி அழுத இடத்தில் ஜனங்கள் சிரித்தார்கள். குழு கலைந்தால் அதை நம்பியிருந்த அத்தனை குடும்பமும் நடுத்தெருவுக்கு வந்துவிடும். அப்போதுதான் மூத்தவர், திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுக்கும் தம்பி மனைவியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வசனமெல்லாம் உனக்குத் தண்ணிபட்ட பாடு. நீ ஏறினா குழு பிழைக்கும். ஆனா பொம்பளையை மேடையேத்தினேன்னு தெரிஞ்சா அரங்கக்காரர் கதவைச் சாத்திடுவார். தம்பிக்குத் தெரிஞ்சா தன் எடம் போயிடுச்சேன்னு ஒடிஞ்சு போவான். அவன் எழுந்து நடமாடற வரைக்கும் வாயைத் தொறக்காதே."

"அக்காகிட்டயாவது சொல்லலாமா மாமா?"

"அவகிட்ட சொல்றதும் ஒண்ணு, தெருவுல தண்டோரா போடறதும் ஒண்ணு."

ஒத்திகையில் அவள் நடந்து காட்டியபோது மூத்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீ பொம்பளை மாதிரி நடக்கறியேம்மா... ஜனங்க பாக்க வர்றது என் தம்பி பொம்பளையா நடக்கறதை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கணவர் மேடையில் நடப்பதைப் போலவே நடந்தாள். இடுப்பைக் கொஞ்சம் கூடுதலாக ஒடித்து, விரல்களைக் கொஞ்சம் கூடுதலாக வளைத்து. பெண்ணாகப் பிறந்தவள், பெண் வேஷம் கட்டிய ஆணாக வேஷம் கட்டினாள். 'ராணியாருக்குத் தொண்டை சற்றுக் கம்மல், பொறுத்துக்கொள்ளவும்' என்று மூத்தவர் தினமும் திரைக்கு முன்னால் வந்து அறிவித்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்று மதியம் அக்கரை மருந்துக்கடைக்காரர் தானே மருந்தைக் கொண்டுவந்தார். ராணியாரின் காலடியில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தொண்டையை இப்படி வச்சுக்கிட்டா ஐயா தெனம் நடிக்கிறீங்க?"

ராணியார் புருவத்தை உயர்த்தினார்.

"இந்த நாடகத்தை எத்தனையோ தடவை பாத்துட்டேன். இளவரசன் செத்த சேதி வந்ததும் நீங்க மார்ல அடிச்சுக்கிட்டு விழுவீங்க. நேத்து நீங்க விழலை. கீழ கிடந்த சின்னச் சட்டையை எடுத்து மடிச்சீங்க. பிரிச்சீங்க, மறுபடி மடிச்சீங்க. ஏதோ ஒரு சுருக்கம் போகலைங்கற மாதிரி உள்ளங்கையால தேச்சுத் தேச்சு... உங்க கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. அரங்கத்துல அழாத ஆள் இல்லை. நான் வீட்டுக்குப் போய், தூங்கற பையனைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் படுத்தேன்."



கல்யாணமான புதிதில் ராணியாருக்கும் அவளுக்கும் ஒரு மகன் இருந்தான். நடை பழகி முடிப்பதற்குள் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. வெளியூரில் ராணி வேஷம் கட்டியிருந்தவர் ஓடிவந்தபோது, அவள் குழந்தையின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவர்தான் விழுந்து புரண்டு அழுதார். 'பெத்தவ கண்ணு கலங்கலையே, கல்நெஞ்சுக்காரி' என்று உறவுக்காரர்கள் பேசியது அவர் காதிலும் விழுந்தது. அவர் யாரையும் அதட்டவில்லை.

மருந்துக்கடைக்காரர் போன பிறகு அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார். அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஓரகத்தி இன்னும் எதையோ குத்திக்காட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, போதும்" என்றார் அதே காற்றுக் குரலில். "இவ பாலம் தாண்டிப் போனது என் வேஷத்தைக் கட்டறதுக்கு."

அவள் கையிலிருந்த துணி நழுவியது. "உங்க எடத்தைப் பிடிச்சுக்கணும்னு போகலைங்க... அது காலியா கிடக்கக் கூடாதேன்னுதான்..."

"எடம் கிடக்கட்டும். அந்தச் சட்டையை நீ மடிச்சப்ப உன் பக்கத்துல வந்து நான் உக்காரலை. உன்னைக் கல்லுன்னு சொன்னவங்க வாயை அடைக்கலை. ஊரூரா ராணியா அழுதேன், உன் அழுகையை ஒரு நாளும் கேக்கலை... இன்னிக்குக் காலையில முதுகு வேற காட்டினேன். இவ்வளவையும் வச்சுக்கிட்டு என் பேரைக் காப்பாத்தியிருக்க. இதுக்கு நான் என்ன கைமாறு செய்வேன்?"

அவள் அவர் தோளில் முகம் புதைத்தாள். இத்தனை வருடம் வராத அழுகை வந்தது. பெற்ற மகனுக்காக அவள் வாய்விட்டு அழுதது அன்றுதான். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே நின்றார்.

ஓரகத்தி கண்ணைக் கசக்கினாள். "என் நாக்குக்குச் சூடு வச்சாலும் தகும்டி... மன்னிச்சுடு." மூக்கை உறிஞ்சிவிட்டு, "என்கிட்ட மறைச்ச மனுஷன் வீட்டுக்கு வரட்டும், இருக்கு கச்சேரி" என்றாள்.

அன்று மாலை ராணியாரும் பாலத்தைத் தாண்டினார். நாடகம் முடிந்து ஜனங்கள் எழுந்திருக்கும் சமயத்தில், வேட்டியும் சால்வையுமாக மேடையேறி அவள் பக்கத்தில் நின்றார். இரண்டு ராணியாரைப் பார்த்து அரங்கம் திகைத்தது. அவர் அண்ணன் காதில் கிசுகிசுத்தார். மூத்தவர் மாட்டேன் என்று தலையாட்டினார். தம்பி விடவில்லை. கடைசியில் மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இத்தனை நாளா நீங்க பாத்தது என் தம்பி இல்லை... என் தம்பியோட சம்சாரம்."

அரங்கக்காரர் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு காய்கறிக்காரி குரல் கொடுத்தாள்.

"எங்களுக்கு நேத்தே தெரியும்யா. பிள்ளையைப் பறிகொடுத்தவதான் அப்படிச் சட்டையை மடிப்பா. நாங்கதான் ஒருத்திக்கு ஒருத்தி கையை அழுத்திக்கிட்டு, வெளிய மூச்சு விடாம இருந்தோம். நீ தொடர்ந்து நடி தாயி, நாங்க வர்றோம்."

பெண்கள் வரிசை வரிசையாக எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறகு ஆண்களும் தட்டினார்கள். அரங்கக்காரர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

ராணியார் அவளை ஒரு அடி முன்னால் நகர்த்தி விட்டார். எத்தனையோ ராணிகளின் வசனம் மனப்பாடமாக இருந்தவளுக்கு, அந்தப் பெண்களுக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் வரவில்லை. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள். கைதட்டல் ஓயும்வரை அவள் அந்தக் கையை இறக்கவே இல்லை.